கிரவுண்டு எப்போ கிடைக்கும்?

ராட்டினக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் வருகிற முதல் கேள்வி "பயமா இருக்காதா?" என்பது. இரண்டாவது, "ஓசியில ஒரு ரவுண்டு விடுவீங்களா?" ஓசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஆள் ஏற்றி ஓட்டும்போது எனக்குப் பயம் வந்ததில்லை. திருவிழா மைதான ஏலம் முடிந்து, ராட்டினம் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும்போது "கிரவுண்டு எப்போ கிடைக்கும்?" என்று மேனேஜரிடம் கேட்போம். "நாளைக்குச் சாயந்தரம்" என்று அவர் சொல்வார் பாருங்கள், அப்போதுதான் வரும்.

நான் ஓட்டுவது கொலம்பஸ். படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடுமே, அது. அதற்கு முன்பு ஜெயண்ட் வீலில் இருந்தேன். எங்கள் பேச்சில் ஒவ்வொன்றும் ஓர் 'ஐட்டம்'. ஜெயண்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டோரா டோரா, பிள்ளைகளுக்கு டிராகன் ரயில், காற்றடிக்கிற ஜம்பிங் பலூன் இவ்வளவும் எங்கள் கம்பெனியில் உண்டு. மரணக்கிணற்றுக்காரர்கள் தனிக் குழு. அதே மைதானத்தில் பக்கத்திலேயே போடுவார்கள். டிக்கெட்டும் தனி, கெத்தும் தனி. மரப்பலகைச் சுவரில் பைக் ஓட்டுகிறவனுக்குக் கெத்து இல்லாமல் யாருக்கு இருக்கும்?

எங்கள் வருஷம் தைப்பூசத்துக்குப் பழனியில் தொடங்கும். பங்குனியில் விருதுநகர், சிவகாசிப் பக்கம் மாரியம்மன் கோயில் பொங்கல் பொருட்காட்சிகள். சித்திரையில் மதுரையைச் சுற்றி எங்காவது நின்றுவிட்டு, மாதக் கடைசியில் தேனி வீரபாண்டி. ஜூலை 26 தூத்துக்குடி பனிமய மாதா கொடியேற்றம், ஆகஸ்ட் 5 வரை. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி, செப்டம்பர் 8 வரை. அப்புறம் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசரா. ஐப்பசி மழைக்கு எல்லாவற்றையும் கழற்றி குடோனில் போட்டு பெயிண்ட், வெல்டிங், கிரீஸ். ஒவ்வொரு வருஷமும் இதே வரிசை அமையும் என்று சொல்ல முடியாது. ஓரிடம் கைவிட்டுப் போகும், ஓரிடம் புதிதாக வரும். தேதி மாறாத மாதா, நட்சத்திரம் பார்த்து வருகிற முருகன், பிறை பார்த்து வருகிற கந்தூரி என்று மூன்று காலண்டரையும் எங்கள் மேனேஜர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். சாமி எந்த மதம் என்பது எங்களுக்குக் கணக்கில்லை. எத்தனை நாள் திருவிழா என்பதுதான் கணக்கு.

அந்த நாள் கணக்கை விளக்க வீரபாண்டியை எடுத்துக்கொள்கிறேன். முல்லையாற்றங்கரையில் கவுமாரியம்மன் கோயில். சித்திரை கடைசிச் செவ்வாய் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை எட்டு நாள். இரவு பகல் பாராமல் கூட்டம் வரும். ராட்டினம் போடுகிற உரிமையை மட்டும் தனியாக ஏலம் விடுவார்கள், அது கோடி ரூபாயைத் தாண்டிப் போவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் ஏலம் எடுப்பவர் ஒருவர், ஐட்டம் கொண்டுவந்து போடுகிற நாங்கள் வேறொருவர். இடத்துக்கு வாடகையோ வசூலில் பங்கோ பேசிக்கொள்வோம். ஏலத்தொகை, வாடகை, லாரி, டீசல், ஆள் சம்பளம், ஜிஎஸ்டி எல்லாம் அந்த எட்டு நாளுக்குள் டிக்கெட்டாக வந்து விழ வேண்டும். ஜிஎஸ்டி முதலில் 28 சதவீதமாக இருந்தது, 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். ராட்டினத்தில் சுற்றுவது அரசாங்கத்துக்கு எப்போதுமே ஆடம்பரம்தான். எட்டு நாளில் ஒரு நாள் மழை பெய்தால் எட்டில் ஒரு பங்கு போச்சு. ஒரு நாள் தாமதமாக ஓட்ட ஆரம்பித்தாலும் அதே கதை. மழையை யாரும் திட்ட முடியாது. தாமதத்துக்கு ஆள் இருக்கிறது, அது நாங்கள்.

ஐட்டம் பூட்டுவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் மண். விருதுநகர்ப் பக்கம் கரிசல். காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி நிற்கும், ஒரு மழை பெய்தால் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். வேளாங்கண்ணியிலும் குலசையிலும் கடற்கரை மணல், எடை ஏறினால் பக்கவாட்டில் நழுவும். பொருட்காட்சி மைதானங்களில் போன வருஷம் யாரோ தோண்டி மூடிய குழி இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. அதனால் எங்கள் மேஸ்திரி அண்ணன் லாரியிலிருந்து இறங்கியதும் கையில் ஒரு கடப்பாரையோடு மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவார். குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, "இங்க வேணாம், நாலடி தள்ளிப் போடு" என்பார். ஏலக்காரர் சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருப்பார். நாலடி தள்ளினால் பஜ்ஜிக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையே அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

கால்கள் நிற்கிற இடத்தில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவோம், எடை பரவலாக இறங்குவதற்கு. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்போம். லேசர் மட்டமெல்லாம் வந்துவிட்டது, ஆனால் மேஸ்திரி அண்ணனுக்குத் தண்ணீர் மேல்தான் நம்பிக்கை. மட்டம் சரியானதும் இரண்டு பக்கக் கால்களை நிமிர்த்தி, மேலே ஷாஃப்டை ஏற்றி, அதில் படகைத் தொங்கவிட வேண்டும். இப்போது கிரேன் வாடகைக்குக் கிடைக்கிறது. முன்பெல்லாம் செயின் பிளாக்கும் தோளும்தான். ஒவ்வொரு மூட்டிலும் பின் அடித்து, அது நழுவாமல் ஸ்ப்ளிட் பின் கோத்து முனையை வளைத்துவிடுவோம். முக்கியமான ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து போல்ட் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார் மேஸ்திரி. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். தினமும் மதியம் டார்ச்சோடு ஏறி அந்தக் கோடுகளைப் பார்ப்பது என் வேலை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு மூன்றாம் நாளே துரு பிடித்துக் கோடு மறைந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மறுபடி இழுப்போம்.

அப்புறம் கரண்ட். இரும்பு முழுவதும் தரையோடு சேர்ந்திருக்கிறது, ஒரு மழை பெய்தால் ஆயிரம் பேர் ஈரக்காலோடு தொடுகிறார்கள். குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் கம்பி இறக்காமல் ஜெனரேட்டரைத் தொடவே கூடாது. ஒவ்வொரு ஊரிலும் ஜெனரேட்டர் வேறு, வயர் இணைப்பவன் வேறு. மூன்று ஃபேஸ் வயரில் இரண்டு மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் படகைத் தொடாமல் மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது. இதற்குப் பிறகு காலியாக ஓட்டம், மணல் மூட்டை வைத்து ஓட்டம், மறுபடி மேலே ஏறி எல்லா நட்டும் முறுக்கல். புதிதாகப் பூட்டிய இரும்பு முதல் சில ஓட்டத்தில் தானாக உட்காரும், அப்போது எங்கேயாவது தளர்வு காட்டும். அதைப் பார்த்து முறுக்கின பிறகுதான் மனிதர்களை ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் நிதானமாகச் செய்ய நேரம் கொடுத்தால் எங்கள் வேலையில் ஆபத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஓட்டுவது அதோடு ஒப்பிட்டால் சுலபம். படகுக்குக் கீழே மோட்டாரில் பூட்டிய லாரி டயர் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். லிவரை இழுத்தால் அந்த டயர் எழும்பிப் படகின் அடிப்பலகையை உரசி ஒரு தள்ளு தள்ளும். படகு எந்தப் பக்கம் போகும்போது இழுக்க வேண்டும், எந்தப் பக்கம் வரும்போது விட்டுவிட வேண்டும் என்பதுதான் தொழில். ஊஞ்சலில் பிள்ளையைத் தள்ளுவது போலத்தான். ஆள் நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய ஒன்றேதான், அது தொங்குகிற உயரத்தைப் பொறுத்தது. மாறுவது, கிளப்புவதற்கும் நிறுத்துவதற்கும் வேண்டிய தள்ளு. அதனால் கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும், கண் சும்மா இருக்கும். அந்தக் கண்ணை ஏறியிருக்கிற முகங்கள் மேல் வைக்க வேண்டும்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கத்துவதற்கு மூச்சு இருக்கிறது என்றால் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இறங்கினதும் மறுபடி டிக்கெட் வாங்குவார்கள். நிஜமாகவே முடியாதவர்கள் கத்த மாட்டார்கள். கண்ணை மூடி, தலையைத் தொங்கப்போட்டு, பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அப்படி ஒரு முகம் தெரிந்தால் யாரும் கேட்காவிட்டாலும் நான் டயரை எதிர்த்துப் பிடிக்க ஆரம்பித்துவிடுவேன். உடனே நிற்காது, சில ஆட்டம் பிடிக்கும். இரண்டு ஓரங்களிலும் உட்கார்கிறவர்கள்தான் அதிக உயரம் போகிறவர்கள், உச்சியில் உடம்பு சீட்டை விட்டு எழும்புவதும் அவர்களுக்குத்தான் அதிகம். இளவட்டங்கள் ஓடிப்போய் ஓரத்தைப் பிடிப்பதும் அதற்குத்தான். வயதான அம்மாக்களை நடுவில் உட்காரவைப்பேன். "ஏம்ப்பா, காசு ஒண்ணுதானே, நடுவுல உக்காரச் சொல்ற?" என்று வீரபாண்டியில் ஒரு பாட்டி சண்டை போட்டது. ஓரத்தில் உட்காரவைத்தேன். இறங்கி வந்து, "இன்னொருக்கா ஏறலாமாய்யா?" என்றது. ஆட்களைக் கணிப்பதில் இப்படியும் ஆகும்.

ஜெயண்ட் வீலில் தொழில் வேறு. அங்கே சூட்சுமம் ஆள் ஏற்றுவதில். ஒரு பெட்டியில் நாலு பேர் ஏற்றினால் அடுத்து ஏற்ற வேண்டியது அதற்கு நேர் எதிர்ப் பெட்டியில். வரிசையாக ஏற்றிக்கொண்டே போனால் ஒரு பக்கம் கனத்து, சக்கரம் தன் இஷ்டத்துக்கு இறங்கப் பார்க்கும், பிரேக் திணறும். குடும்பமாக வருகிறவர்களுக்கு இது புரியாது. "நாங்க எட்டுப் பேரு, அடுத்தடுத்த பெட்டியில விடுங்க" என்பார்கள். மாமியாரை வேறு பக்கம் அனுப்பச் சொன்னால் சில மருமகள்கள் மட்டும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கஷ்டம், திடீரென்று காற்றும் மழையும் வரும்போது. எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கக் கத்துவார்கள். அப்போதும் ஒரு பெட்டி, எதிர்ப் பெட்டி என்று மாற்றி மாற்றித்தான் இறக்க வேண்டும். உச்சியில் நிற்கிறவர்களுக்குக் கீழே இருக்கிறவன் வேண்டுமென்றே தாமதிக்கிறான் என்று தோன்றும். வாங்காத வசவு இல்லை.

குலசை தசராவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் போட்டு வருகிற ஊர் அது. காளி, குறவன் குறத்தி, குரங்கு, பிச்சைக்காரன், ராஜா, போலீஸ். ஒரு இரவு போலீஸ் வேஷம் போட்ட ஒருவர் வந்து முறையாக வரிசையில் நின்று, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் படகில் ஏறினார். அவர் காசு எடுத்ததிலிருந்தே வேஷம் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஓசி என்று முன்னால் சொன்னேனே, இதுதான். ஒவ்வொரு ஊரிலும் அனுமதி கொடுத்தவர், கொடுக்காமல் நிறுத்தியிருக்கக்கூடியவர், அவருடைய மச்சான் குடும்பம் என்று சனி, ஞாயிறு இரவு நெரிசல் நேரத்தில் ஒரு படை வரும். பாஸ் கேட்டால் முறைப்பார்கள். வசூல் போகிறது என்பதைவிட, வரிசையில் பிள்ளையோடு ஒரு மணி நேரம் நிற்கிற ஆள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஓட்டம் ஓயும். அப்புறம் படகுக்கு அடியில் விழுந்ததைப் பொறுக்குவோம். செருப்பு, கிளிப், சில்லறை, உடைந்த செல்போன், ஒற்றைக் கம்மல். வாந்தி எடுத்த இடத்தில் மரத்தூள் போட்டுக் கழுவுவோம். சாப்பாடு லாரி ஓரத்தில் பெரிய சட்டியில் வடிக்கிற சோறு, ஒரு குழம்பு. பீகார், வங்காளத்துப் பையன்கள் பாதிப் பேர் இருப்பதால் அரிசியோடு ரொட்டியும் உண்டு. புளிக்குழம்பை அவர்கள் சகித்துக்கொள்கிறார்கள், அவர்கள் போடுகிற கடுகெண்ணெயை நாங்கள். ஐட்டத்தின் மேடைக்கு அடியிலேயே தார்ப்பாய் கட்டித் தூக்கம். பகல் பதினொரு மணிக்கு எழுந்தால் கோயில் மைக் நம் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருக்கும். மாதச் சம்பளமும் தினப் பேட்டாவும் உண்டு. பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை எந்த ஊர்ல வேலை?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியாது.

2020 பங்குனியில் பாதி பூட்டின நிலையில் ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் மதுரைச் சித்திரைத் திருவிழாவே ரத்தாகி மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மக்கள் இல்லாமல் நடந்தது, அடுத்த வருஷமும் திருவிழா மக்கள் இல்லாமல்தான் என்றால் எங்கள் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. வெயிலில் நின்ற டயர்கள் வெடித்தன, பேரிங்குகள் இறுகின. பலர் ஊரோடு போய்விட்டார்கள். பழைய மேஸ்திரிகள் திரும்பி வராததுதான் இன்றுவரை உறைக்கிற நஷ்டம். ஆள் குறைந்த பிறகும் கிரவுண்டு கிடைக்கிற நேரம் மட்டும் கூடவில்லை.

நாள் கணக்கு எங்கே போய் இடிக்கிறது என்று இப்போது சொல்கிறேன். ஐட்டம் ஓட அனுமதி வேண்டும் என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் போக வேண்டும்; காவல்துறை, தீயணைப்பு, மின் ஆய்வாளர், பொதுப்பணித்துறை என்று ஒவ்வொருவரும் பார்த்துச் சான்று தர வேண்டும். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பூட்டி முடித்த பிறகுதான் அவர்கள் பார்க்க முடியும். பூட்ட இடம் கிடைப்பதோ கொடியேற்றத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு. ஆக, மூன்று நாள் வேலையை ஒரு ராத்திரியில் முடித்து, காலையில் அதிகாரி வரும்போது பெயிண்ட் ஈரம் காயாமல் நிற்போம். அவர் பார்க்கிற அன்று எல்லாம் சரியாக இருக்கலாம். தூங்காத ஆறு பேர் இருட்டில் வளைத்த ஸ்ப்ளிட் பின் எல்லாம் முழுசாக வளைந்திருக்கிறதா என்பது அவருக்கும் தெரியாது, சமயத்தில் எங்களுக்கும் தெரியாது.

விபத்து நடந்தால் டிவியில் "பழைய ராட்டினம்" என்பார்கள். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஆகாயத்திலேயே முறிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அது ஊர் ஊராகப் போகிற ஐட்டம்கூட இல்லை, ஒரே இடத்தில் நிற்பது. 2022 செப்டம்பர் 4 அன்று பஞ்சாப் மொகாலியில் எங்களுடையது போன்ற தற்காலிகப் பொருட்காட்சியில், செங்குத்தாக ஏறி இறங்குகிற ஐட்டம் ஆட்களோடு ஏறக்குறைய ஐம்பது அடியிலிருந்து தரையில் வந்து மோதியது. இந்த இரண்டு வீடியோவையும் எங்கள் மேஸ்திரி அண்ணன் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தெரியாது. பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: "காலைல யாரு மேல ஏறிப் பாத்தா?" இரும்பு பழசா புதுசா என்பது அவருக்கு இரண்டாவது. என் அனுபவத்தில் அவர் சொல்வது சரி. முப்பது வருஷப் பழைய ஐட்டத்தை ஒழுங்காகப் பூட்டி ஓட்ட முடியும். நேற்று வாங்கின ஐட்டத்தை அவசரத்தில் பூட்டிக் கவிழ்க்கவும் முடியும். ராட்டினப் பாதுகாப்புக்கென்று ஐஎஸ் 15475 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. நல்லதுதான். அதை ஒரு ராத்திரிக்குள் செய்து காட்டச் சொல்கிறீர்களே, அதுதான் சிக்கல்.

கழற்றும்போது அவசரம் இன்னும் மோசம். கடைசி நாள் கூட்டம் ராத்திரி இரண்டு வரை இருக்கும், விடிவதற்குள் மைதானத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் லாரி எதிர்பார்த்து ஆள் நிற்கும். பூட்டும்போதாவது கவனம் இருக்கும். கழற்றும்போது எல்லாருக்கும் வீடு, தூக்கம், பேட்டா என்றுதான் நினைப்பு. எங்கள் கூட்டத்தில் கை நசுங்கினவர்கள், கால் ஒடிந்தவர்கள் அநேகம் பேருக்கு அது நடந்தது கடைசி ராத்திரியில்தான். அவர்களைப் பற்றி எந்த டிவியும் சொல்லாது, ஏனென்றால் டிக்கெட் வாங்கினவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன பங்குனியில் முதலாளியிடம் கேட்டேன். "அண்ணே, கொடியேத்தத்துக்கு நாலு நாள் முன்னாடி கிரவுண்டு குடுத்தாத்தான் வருவோம்னு ஏலக்காரங்ககிட்டச் சொல்லுங்களேன். வாடகை கூடக் கேட்டாலும் குடுத்துரலாம்."

"சொல்லலாம் தம்பி. நான் நாலு நாள்னு சொன்னா, ஒரே ராத்திரில பூட்டிக் காட்டறேன்னு அடுத்த கம்பெனிக்காரன் வந்து நிப்பான். அவனுக்குக் குடுத்துருவாங்க."

அவர் சொன்னது நிஜம்தான், அடுத்த கம்பெனிக்காரன் வந்து நிற்பான். அதனால் இதை முதலாளிகள் தனித்தனியாகச் செய்ய முடியாது. ஏல நிபந்தனையிலேயே வர வேண்டும்: பூட்ட நான்கு நாள், கழற்ற இரண்டு நாள், அதற்குக் குறைந்தால் எந்தக் கம்பெனிக்கும் அனுமதி கிடையாது என்று. கோயில் நிர்வாகமோ ஊராட்சியோ ஏலம் விடுகிறவர் யாராக இருந்தாலும், ஒரு வரி சேர்த்தால் முடிகிற வேலை. அவர்களுக்குச் செலவு ஆறு நாள் காலி மைதானம். இந்த வருஷத்து ஏல நிபந்தனைகளை மேனேஜர் போனில் அனுப்பினார். ஏலத்தொகையை எத்தனை தவணையில் கட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது.